அந்நிய மண்ணில் ஓர் ஆலயம்



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழ்பவர்கள் உணவையும் உடையையும் விரைவில் மாற்றிக்கொள்கின்றனர். புதிய மொழியையும் ஓரளவு கற்றுக்கொள்கின்றனர். ஆயினும், “சென்ற கிழமை உம்மைக் காணவில்லையே, சுகமில்லையா?” என்று உரிமையோடு கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை, அவர்கள் அவ்வூரிற் குடியிருப்பவர்களேயன்றி அவ்வூரார் ஆகார்.

கல்விக்கும் தொழிலுக்குமாக ஜப்பான் நாடு செல்லும் கிறித்தவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அங்கே கிறித்தவர் தொகை நூற்றுக்கு ஒருவர் என்ற அளவினதே. பணிவும் ஒழுங்கும் மிக்க அச்சமுதாயத்திலே அயலவருடன் நெருங்கிப் பழகுவதற்குக் காலம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலே ஆலயத்துக்குச் சென்றால், ஜப்பானிய முதியோரும், பிலிப்பைன்ஸ், வியட்நாம், பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கக் காணலாம். சொற்கள் விளங்காவிடினும், எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்பது விளங்கிவிடுகிறது. வீட்டிலே தாயிடம் கற்ற பழக்கம் அங்கே துணைக்கு வருகிறது.

ஆனால், வழிபாட்டு முறை ஒன்றாயிருப்பதனால் மட்டும் ஒருவர் ஓர் ஊரின் உறவினராகிவிடுவாரா? இவ்வினாவுக்கு விடை தேட ஜப்பான்வரை செல்ல வேண்டியதில்லை. நம் வன்னிக் காட்டிலேயே விடை இருக்கிறது.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் பெருவழியிலிருந்து விலகி, வன்னிப் பெருநிலத்தின் மேற்குப் பக்கத்துக் காட்டினுள்ளே அமைந்தது மருதமடு. இன்று மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்விடத்தில் உள்ள ஆலயம், அடைக்கலம் தேடி வந்தவர்களால் உண்டானது. 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன என்றும், யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து தப்பிவந்தோரும் அவர்களுடன் சேர்ந்தனர் என்றும் ஆலய வரலாறு கூறுகிறது. கண்டி மன்னரின் எல்லைக்குட்பட்ட அவ்விடம் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாததாயிருந்தது. வெவ்வேறு ஊரார் ஒரே அச்சத்தினால் ஒன்றுகூடி, நாளடைவில் ஓர் ஊராராயினர்.

அக்காலத்து இலங்கைக் கத்தோலிக்கருக்குக் குருமார் இலர். அந்நிலையிலே 1687 ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருடைய தாய்மொழி கொங்கணி. அவருக்கு இங்கே உற்றாரில்லை; கையிற் பொருளுமில்லை. நோயுற்றுத் தளர்ந்த அவர், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாக இரந்து சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே தம் மக்கள் என்று அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் ஒல்லாந்தரின் கண்ணிற் படாமல் அவரைக் காத்தனர்.

அடிகள் அத்துடன் அமைந்துவிடவில்லை. தமிழைக் கற்றார், சிங்களத்தையும் கற்றார். 1692 இல் கண்டி சென்றபோது ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிலடைத்தனர். பின்னர் 1697 இல் அந்நகரிலே பெரியம்மை பரவியபோது, உறவினரே விட்டு ஓடிய நோயாளரைச் சமய வேறுபாடு பாராது தம் கையாலேயே பேணினார். 1711 இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய தினமே மருதமடுவுக்கும் சென்றார்.

ஜப்பானியக் கிறித்தவர் வரலாறும் இதற்கு நெருங்கியதே. 1614 இல் அந்நாடு முழுவதிலும் கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. குருமார் இன்றி, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நாகசாகிப் பகுதி உழவரும் மீனவரும் மறைவாகச் செபம் சொல்லி வந்தனர். 1865 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் ஊரகாமி என்னும் ஊரார் சிலர், ஓவுராவில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்தனர். அங்கிருந்த பிரெஞ்சுக் குருவை அணுகித் தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லக் கூறி, மரியன்னையின் திருவுருவம் எங்கே என வினவினர். அங்கு அந்நியராயிருந்தவர் குருவே. சொந்த நாட்டிலேயே ஒளிந்து வாழ்ந்த மக்கள் அவருக்கு உறவு கொடுத்தனர்.

இப்போது வன்னி மக்களின் கதைக்குத் திரும்புவோம். போர்க்காலத்திலே மருதமடு ஆலய வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் புகலிடமாயிற்று. 1999 நவம்பரிலே அங்கு விழுந்த எறிகணைகள் அடைக்கலம் புகுந்தோர் பலரைப் பலிகொண்டன. 2008 இல் அன்னையின் திருவுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, சில மாதங்களின் பின் திரும்பியது. மக்களோ மேலும் தொலைவு சென்றனர். இன்று ஐரோப்பாவில் வாழும் தமிழர், ஆகஸ்ட் மாதந்தோறும் சேர்மனியிலுள்ள கெவலார் என்னும் சிற்றூரிலே பெருந்திரளாகக் கூடுகின்றனர். சைவர்களும் அங்கு வருகின்றனர். மடுத் திருவிழாவுக்குச் சென்று பழகிய கால்கள் அவ்வூர் வழியையும் கண்டுகொண்டன. ஒல்லாந்தரின் எல்லைக்கு அருகிலேதான் அவ்வூர் இருக்கிறது. 1642 முதல் அங்கு வணங்கப்படும் அன்னையின் சிறு படமும் லக்சம்பேர்க்கு மாதாவின் படம். அதுவும் அவ்வூருக்கு வந்ததேயன்றி அங்கே பிறந்ததன்று.

எனினும், ஆண்டுக்கொரு நாள் நம்மவருடன் கூடுவது மனத்துக்கு ஆறுதல். கிழமைதோறும் அயலூராருடன் அமர்வதோ உறவு. முன்னது இன்றேல் வேர் வாடும். பின்னது இன்றேல் புதுமண்ணில் வேர் ஊன்றாது. தமிழிலே செபிக்க ஓர் இடம் தேடுபவர், தாம் வாழும் நாட்டின் மொழியிலே நோயாளி ஒருவரை நலம் விசாரிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். யோசேவாஸ் அடிகள் காட்டிய வழி அதுவே.

உள்ளூராருக்கும் இதிலே பெரும் பங்குண்டு. மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்களால் விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியோர் பலர். அவர்களை நம் ஆலயங்களும் கோயில்களும் கடை வரிசையில் நிறுத்தினவா, அன்றித் திருவிழாப் பொறுப்பிலும் பங்கு கொடுத்தனவா என்று ஒவ்வோர் ஊராரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று. தோக்கியோவிலும் கெவலாரிலும் நம் பிள்ளைகள் எதிர்பார்க்கும் இடத்தை, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து நிற்பவர்க்கு நாம் கொடுத்தல் வேண்டும். புதியவர் ஒருவர் அடுத்த ஞாயிறு வரவில்லையெனின், அவர் வீடுவரை நடந்து சென்று ஏன் என்று கேட்பதே அதற்குத் தொடக்கமாகும்.