15 கிலோ கம்பி



பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் பறிக்கிற காட்டில் சற்று நேரம் நின்று பாருங்கள். பறிப்பது, தாள் அரிவது, மூட்டை பிடிப்பது என்று எல்லாவற்றிலும் பெண்கள் இருப்பார்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளிலும் அப்படித்தான். அரியலூர் சிமென்ட் போய் இறங்குகிற கட்டட வேலைகளில் சித்தாளாக நின்று செங்கலும் கலவையும் சுமப்பதும் பெண்கள்தான். இவ்வளவு சுமக்கிறவர்களிடம் “ஜிம்முக்கு வந்து எடை தூக்கிப் பழகுங்க” என்றால், “அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்” என்று பதில் வருகிறது.

“நாள் முழுக்கச் சுமக்கிறோமே, அதுக்கு மேல என்ன பயிற்சி?” என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேலையில் வருகிற சுமை நம் உடம்பைப் பார்த்து வருவதில்லை. சிமென்ட் மூட்டை 50 கிலோ என்றால் 50 கிலோதான். காய்ச்சலில் எழுந்து வந்தவருக்கும் அதே கனம். பார்பெல் என்கிற எடைக் கம்பியில் எடையை நாம் தீர்மானிக்கிறோம். பெண்களுக்கான பளுதூக்குதல் போட்டிக் கம்பி 15 கிலோ. ஆண்களுடையது 20 கிலோ. பெண்களுடையது 25 மில்லிமீட்டர் பருமன்தான் என்பதால் சிறிய கைக்கும் பிடி கிடைக்கும். வெறும் கம்பியில் தொடங்கி, அது லேசாகிவிட்டால் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டுப் போட்டு இரண்டரை கிலோ கூட்டலாம். லேசாகாவிட்டால் கூட்டக் கூடாது.

மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு சிறுமியாக விறகு சுமந்தவர். அந்த வலுவைப் பயிற்சிக்கூடம் வளர்த்தெடுத்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். நம்மூர்ப் பெண்கள் எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடுப்பு வலி இல்லாமல் அறுபது வயதைத் தாண்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்கிற பயிற்சிதான் டெட்லிஃப்ட். முதல் நாள் அதைப் பழக்கும்போது வெறும் கம்பியைத் தரையில் போடாதீர்கள். அவ்வளவு தாழக் குனிந்தால் முதுகு வளைந்துவிடும். இரு பக்கமும் கட்டை வைத்து, கம்பி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி செய்யுங்கள். பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே கம்பி இருக்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைக்கச் சொல்லுங்கள். மூச்சை வயிறு நிறைய இழுத்து, தரையைக் காலால் அழுத்தி எழ வேண்டும். கம்பி காலை உரசிக்கொண்டே மேலே வரும். ஐந்து முறை தூக்கி, இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். இப்படி மூன்று சுற்று, முதல் நாளுக்குப் போதும். தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சோர்வாக வருகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21-ல் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை, சுண்டல், நிலக்கடலை, முருங்கைக்கீரை தட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு மிச்சமிருப்பதைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பு எப்படித் தேறும்?

“எடை தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்” என்ற பயத்தையும் சிரித்து ஒதுக்கக் கூடாது. பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள், ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு, படிப்படியாக ஏற்றுகிற எடை நன்மையே செய்கிறது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், மேற்பார்வையோடு கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. லேசான உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது.

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்கள் பொள்ளாச்சி கிட்டம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ டெட்லிஃப்ட் தூக்கியபோது அவருக்கு 82 வயது. ஒரு சிமென்ட் மூட்டையின் கனம் அது.

ஜிம்கள் கூட்டமாக இருப்பது காலையிலும் மாலையிலும். இரண்டும் அடுப்படியில் பெண்கள் நிற்கிற நேரம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட விளையாட்டு அரங்கங்களை நடத்துபவர்களுக்கும் தனியார் ஜிம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு நாள், முற்பகல் பதினொரு மணிவாக்கில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேளை வையுங்கள். 15 கிலோ கம்பி ஒன்றும் ஒன்றேகால் கிலோத் தட்டு இரண்டும் வாங்கிப் போடுங்கள். சொல்லிக் கொடுக்க ஒரு பெண்ணைத் தயார் செய்யுங்கள்.