உதிர்ந்த இலையும் ஒட்டிய ஏடும்

(சங்கத்தின் புரட்டாசி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் நம்மைக் கலையைப் பற்றிப் பேசுமாறு பணித்தது செயலாளரின் பெருந்தன்மை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு ஓவிய இலக்கணம் தெரியாது. ஆயினும் காகிதம், பசை, கத்திரி, முத்திரை ஆகிய நான்கும் இருபது ஆண்டுகளாக நம் மேஜையைவிட்டு அகலாதவை. அந்த உரிமையில் சில சொல்லத் துணிகிறோம்.

இவ்வாண்டு நவராத்திரி விடுமுறையில் நம் காலனிக் குழந்தைகள் இலையுதிர்காலத்தைக் குறித்து ஆளுக்கோர் ஏடு செய்ய வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாகக் கட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதனை ஸ்கிராப் புத்தகம் என்பர். நாம் ஒட்டுப் புத்தகம் என்போம். புகைப்படம், உலர்ந்த இலை, துணித்துண்டு, வெட்டிய காகித உருவம், கையெழுத்து ஆகியவற்றை ஒரு தாளில் இணைத்து, ஒரு காலத்தின் நினைவை நிறுத்தி வைப்பதே இதன் வேலை.

இம்முடிவைக் கேட்டவுடன் இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. “இது மேல்நாட்டார் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு?” என்பது ஒன்று. “பொட்டலம் பொட்டலமாகக் காகிதம் வாங்கிக் காசைக் கரியாக்குவதா?” என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆகவே இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வண்ணப் படங்களை அச்சிட்டு, மேடு தெரிய அழுத்தி, உருவத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டி விற்றார்கள். ஐரோப்பியக் குடும்பங்கள் அவற்றை வாங்கி ஆல்பங்களில் ஒட்டிச் சேர்த்தன. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தாளில் முன்கூட்டியே பசை தடவிய ஒட்டுப் புத்தகத்துக்கு 1873 ஆம் ஆண்டில் காப்புரிமையே பெற்றார். இவ்வளவும் மேல்நாட்டுக் கதைதான். ஆனால் 1894 ஆம் ஆண்டில் ராஜா ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து தெய்வப் படங்கள் வந்தபோது நம் முன்னோர் என்ன செய்தார்கள்? லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் துணி வெட்டிப் புடவை உடுத்தினார்கள். ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டினார்கள். பிறகுதான் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டினார்கள். தஞ்சாவூர்ப் படத்தையே பாருங்கள். பலகை, துணி, சுண்ணக் கலவை, தங்க ரேக்கு, கண்ணாடிக் கல் என்று எத்தனை பொருள்கள்! பல பொருள் கலந்து படம் செய்வது நமக்குப் புதிதன்று.

அதைவிடப் பெரிய சான்று நம் காலனிக்கு அருகிலேயே இருக்கிறது. நம்மில் பலர் நாள்தோறும் பெயர் எழுதும் ஊர்தான் மதுரா. அம்மதுராவிலும் பிருந்தாவனத்திலும் ‘சாஞ்ஜி’ என்றொரு கலை உண்டு. மெல்லிய கத்திரியால் காகிதத்தில் மயிலும் மரமும் பசுவும் கொடியும் துளை துளையாக வெட்டுவார்கள். மகாளய பட்சத்தில் அக்காகிதத்தைக் கோயிலில் மண்மேடையின்மேல் விரித்து, வண்ணப் பொடியைத் தூவி எடுத்தால் கோலம் தோன்றும். அவ்வட்டாரத்துக் கிராமங்களில் சிறுமியர் வீட்டுச் சுவரில் சாணத்தால் உருவம் அமைத்து, பூவிதழ்களைப் பதித்து அழகு செய்வர். 2010 ஆம் ஆண்டில் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் அடையாளச் சித்திரங்களும் இந்தக் காகித வெட்டைத் தழுவியே வரையப்பட்டன. வெட்டிய காகிதமும், பலவகைப் பொருளும், மழை ஓய்ந்த பருவமும் சேர்ந்த கலை இது. ஒட்டுப் புத்தகத்தின் மூன்று இலக்கணமும் இதில் இருக்கின்றன அல்லவா? எனவே முதல் ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்வோம்.

இனிச் செலவு. கடைகளில் ‘இலையுதிர்காலம்’ என்று பெயரிட்ட பொட்டலங்கள் கிடைக்கின்றன. பிரித்தால் மேப்பிள் இலை, ஓக் கொட்டை, பூசணிக்காய். அம்மேப்பிள் மரம் நம் காலனியில் எந்த குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறது? காணாத மரத்தின் இலையைக் காசு கொடுத்து வாங்கி, கண்ட மரத்தின் இலையைத் துடைப்பத்தால் தள்ளுவது எவ்வகையிலும் சிக்கனமாகாது. அவ்விதத்தில் இரண்டாவது ஆட்சேபத்தை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம்.

குளிர் நாடுகளில் இலை நிறம் மாறுவதன் காரணத்தைக் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும். பகற்பொழுது குறைந்து குளிர் நெருங்கும்போது, மரம் இலையிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறம் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. நம் நாட்டிலேயே இதைக் காண விரும்புவோர் காஷ்மீரத்துச் சினார் மரத்தை ஐப்பசி மாதத்தில் பார்க்க வேண்டும். தீப்பற்றியது போல் நிற்கும்.

டில்லிச் சமவெளியின் முறை வேறு. இங்கே அரசமரம் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். சரத் ருதுவில் இங்கே காண்பது பூக்களே. விடியற்காலையில் பவழமல்லி வாசலெங்கும் வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும். காம்பின் செம்மஞ்சளைப் பாருங்கள். இரவில் ஏழிலைப்பாலையின் மணம் தெருவையே நிறைக்கும். ஒரு கணுவில் பெரும்பாலும் ஏழு இலைகள் வட்டமாய் நிற்கும். குளிர் முற்றும்போது சீசம் மரத்தின் சிறிய வட்ட இலைகள் மஞ்சளாகி உதிரும். நம் தாய்நாடான தமிழகத்திலோ ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம், அடைமழைக் காலம். ஆகவே குழந்தைகளுக்கு நாம் கூறும் யோசனை இது: எதிரெதிராக இரண்டு பக்கங்கள் செய்யுங்கள். இடப்பக்கத்தில் நம் காலனியின் சரத் ருது; வலப்பக்கத்தில் பாட்டி ஊரின் ஐப்பசி மழை. வலப்பக்கத்துக்கு வேண்டிய செய்தியை ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காலில் நீர் வந்ததா, நாற்று நட்டாயிற்றா என்று கேளுங்கள். பாட்டிமார் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

செய்முறைக்கு வருவோம். முதலில் இலை. அதிகம் காய்ந்து நொறுங்கும் இலையும் உதவாது. ஈரம் சொட்டும் இலையும் உதவாது. பழைய செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். முதல் நான்கு நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். இன்றேல் பூசணம் பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இலை தகடாகிவிடும். அரச இலையை நீரில் ஊறவைத்து, அவ்வப்போது நீர் மாற்றி, சதை அழுகியபின் மென்மையான பல் துலக்கியால் தடவினால் வலைபோல் நரம்பு மட்டும் மிஞ்சும். அதற்கு மூன்று நான்கு வாரப் பொறுமை வேண்டும்.

அடுத்தது வெட்டு உருவம். சிவகாசி அச்சகத்தார் ‘டை கட்டிங்’ என்பதை வெட்டச்சு என்று சொல்லலாம். பலகையில் உருவத்தின் வடிவாகப் பிளவு செய்து, கூரிய எஃகுத் தகட்டை வளைத்துச் செருகுவர். இருபுறமும் ரப்பர் பஞ்சு ஒட்டுவர். தாளை வைத்து அழுத்தினால் தகடு வெட்டும். பஞ்சு தாளைத் தள்ளி விடும். சாவ்ரி பஜாரில் விற்கும் கல்யாணப் பத்திரிகைகளில் பிள்ளையார் உருவம் இப்படித்தான் பிறக்கிறது. வீட்டில் வைத்துக் கையால் சுழற்றும் சிறு எந்திரமும் இப்போது கிடைக்கிறது. அது இரண்டு உருளைகளுக்கிடையே அச்சையும் தாளையும் நசுக்கித் தள்ளுகிறது. நமக்கு அது அவசியமில்லை. ஏழிலைப்பாலையின் ஓர் இலையைத் தடித்த அட்டையில் வைத்து ஓரம் வரைந்து வெட்டிக்கொண்டால் அதுவே மாதிரி. பழைய கல்யாணப் பத்திரிகை, மாதம் போன காலண்டர் தாள், பலகாரப் பெட்டியின் அட்டை ஆகியவற்றில் அம்மாதிரியை வைத்து எத்தனை இலை வேண்டுமானாலும் வெட்டலாம். வெள்ளைத் தாளைக் காப்பி டிகாக்ஷனில் நனைத்து நிழலில் உலர்த்தினால் சருகின் நிறம் தானே வரும். தமிழர் வீட்டில் டிகாக்ஷனுக்கா பஞ்சம்?

வெட்டச்சு என்னும்போது ரயில்வேக்காரர்கள் ஒன்றை நினைவுகூர வேண்டும். தச்சு வேலையிலிருந்து ஸ்டேஷன் குமாஸ்தா வேலைக்கு வந்த தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர், 1830களில் தடித்த அட்டைப் பயணச்சீட்டை உருவாக்கினார். ஏறக்குறைய இரண்டேகால் அங்குல நீளமுள்ள அச்சீட்டு நம் நாட்டிலும் நெடுங்காலம் வழங்கியது. பரிசோதகரின் இடுக்கி கடித்த துளையுடன் அப்படியொரு சீட்டு உங்கள் தாத்தாவின் பெட்டியில் இருந்தால், ஏட்டில் அதற்கு முதலிடம் கொடுங்கள். தீபாவளிக்கு ஊர் போன சீட்டாக இருந்தால் இன்னும் விசேஷம்.

ஒட்டும் முறையில் சில எச்சரிக்கைகள். தாள் தடிப்பாக இருக்கட்டும்; 12 அங்குலச் சதுரம் போதும். அமிலமற்ற தாள் கிடைத்தால் மிகவும் நல்லது. செய்தித்தாளைப் பின்னணியாக ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுத்து, அருகிலுள்ளதையும் பழுக்க வைக்கும். செல்லோ டேப் வேண்டாம். அது மஞ்சளாகிக் கறை விட்டுக் கழன்றுவிடும். புகைப்படத்தின்மேல் இலை நேராகப் படக்கூடாது. நடுவே ஒரு தாள் வையுங்கள். மூலப் படத்தை வெட்டாதீர்கள். பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். மைதாப் பசை நல்லதே. ஆனால் பூச்சி வரும். புத்தகம் கட்டுவோர் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. பக்கத்தில் ஒரு பொருள் தலைமை தாங்கட்டும். மற்றவை அதற்குத் துணை நிற்கட்டும். இடமெல்லாம் அடைத்துவிட்டால் சந்தைக்கடை போலாகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். அது கையெழுத்து.

சென்ற ஆண்டு நம் வரிசையில் குடியிருக்கும் ஒரு சிறுமி, பவழமல்லியை உலர்த்தி ஒட்டி, அழகிய ஏடு ஒன்று செய்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள தன் பாட்டிக்குத் தபாலில் அனுப்பினாள். அடியில் ஐந்தாறு வரி இந்தியில் எழுதியிருந்தாள்; அவளுக்குப் பழக்கமான எழுத்து அதுதான். பாட்டி பூவைக் கண்டுகொண்டாள். எழுத்தை வாசிக்க முடியவில்லை. தெருவில் நாலு வீடு ஏறி இறங்கியும் வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. “பேத்தி என்னவோ சொல்லியிருக்கிறாள், எனக்குத்தான் எட்டவில்லை” என்று மகனிடம் தொலைபேசியில் சொன்னாளாம். அதைக் கேட்டிருந்த அச்சிறுமி மறுநாளே அம்மாவிடம் சிலேட்டை நீட்டினாள். மூன்று மாதங்கழித்து இரண்டாவது ஏடு சென்றது. அதில் நான்கே வரி. லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்தன. அவ்வேட்டைப் பாட்டி சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

இந்தியை நாம் குறை கூறவில்லை. அது நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி. இந்தியிலும் எழுதுங்கள். ஆனால் தமிழிலும் நான்கு வரி எழுதுங்கள். இலை எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது, உடன் யார் இருந்தார்கள் என்று எழுதினால் போதும். பெற்றோர் குழந்தைக்குப் பதிலாகத் தாமே எழுதிவிடக் கூடாது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்பர்களே, நாம் வாழும் வீடு நமதன்று. மாற்றல் உத்தரவு வந்தாலும் ஓய்வு பெற்றாலும் குவார்ட்டர்ஸின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். வாசலில் நட்ட பவழமல்லியைப் பெயர்த்தெடுத்துப் பார்சலில் போட முடியாது. நம் குழந்தைகள் பெரியவர்களானபின் ‘உன் ஊர் எது’ என்று கேட்டால், டில்லி என்பதா, திருநெல்வேலி என்பதா என்று திகைப்பார்கள். இரண்டு பக்கமும் உள்ள ஏடு ஒன்று கையில் இருந்தால், அதைப் பிரித்துக் காட்டி, இரண்டுமே என் ஊர் என்று சொல்லலாம்.

குழந்தைகள் தத்தம் ஏடுகளைக் கார்த்திகை தீபத்துக்கு முன் சங்க நூலகத்தில் சேர்க்க வேண்டும். தொகுதியைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆண்டுதோறும் ஒரு தொகுதி சேர்ந்தால், நமக்குப்பின் இக்காலனிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் நம்மை அறிந்துகொள்வார்கள்.