கானா ஏறிய மேடை



2018 ஜனவரி 6, சனிக்கிழமை. பொங்கலுக்கு எட்டே நாள். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மார்கழி சீசன் முடியும் தறுவாய். அதே சென்னையில், கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் அன்று வேறொரு கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. மேடையில் 19 பேர். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற அந்தக் குழுவுக்கு அதுதான் முதல் கச்சேரி.

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார்க்காரர், டிரம்ஸ் வாசிப்பவர் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. வடசென்னைக்காரர்.

கானா எங்கே பாடப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த மேடையின் கனம் புரியும். சாவு வீட்டில், பந்தலுக்குக் கீழே, விடிய விடியப் பாடுவது கானா. இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் பிழைப்பைச் சொல்லி, பிள்ளைகளைச் சொல்லி, அங்கேயே கட்டிப் பாடுவார்கள். விடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர்களை யாரும் வித்வான் என்று அழைத்ததில்லை.

வாத்தியங்களின் கதையும் அதுவே. பறையும், சட்டியும், கட்ட மோளமும் அன்று மின்சார கிட்டாருக்குப் பக்கத்தில் ஒலித்தன. காரைக்காலை அடுத்த எங்கள் பூவம் பக்கத்தில் பறையைத் தப்பு என்போம். ஒரு சாவு விழுந்தால் தப்பு செட்டுக்குத்தான் முதலில் ஆள் போகும். வந்ததும் அவர்கள் செய்கிற முதல் வேலை, தெருவோரம் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவது. தோல் சூடேறி விறைத்தால்தான் 'கணீர்' என்று பேசும். பனிக்காலத்தில் தோல் சீக்கிரமே தொய்ந்துவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் போய்க் காய்ச்சி வருவார்கள். கிட்டாருக்கு முறுக்காணி எப்படியோ தப்புக்கு நெருப்பு அப்படி. சுருதி சேர்ப்பதை நன்கு அறிந்த கலைஞர்களைத்தான் காலங்காலமாக வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

சாவோடு சேர்ந்த பாட்டை மேடையேற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்கால் மண்ணில் அந்தக் கேள்வி எழவே கூடாது. ஆனி மாதம் மாங்கனி இறைத்து நாம் கொண்டாடுகிற காரைக்கால் அம்மையார் பாடியது எந்த இடத்தை? திருவாலங்காட்டுச் சுடுகாட்டை. பேயும் நரியும் திரிகிற அந்த இடத்தில் இறைவன் ஆடுவதைப் பாடினார். சுரங்களின் பெயர்களையும் மத்தளம், குடமுழா, வீணை என்று வாத்தியங்களையும் அந்தப் பதிகத்திலேயே அடுக்கினார். அந்தத் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் அரக்கோணம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் ராப் பாடிய அறிவு அந்த ஊர்க்காரர்தான்.

குழுவின் துணிச்சல் சொந்தப் பாட்டில் இருந்தது. நம் ஊர்த் திருவிழாப் பாட்டுக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டுத்தான் கேட்போம்; கூட்டமும் அதைத்தான் கேட்டுச் சீட்டு அனுப்பும். இவர்களோ இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள், அம்பேத்கரைப் பாடினார்கள். கேட்காத பாட்டுக்கு ஒரு கூட்டத்தை ஆட வைப்பது லேசான காரியமல்ல.

யாரென்றே தெரியாத குழு ஒரு கூட்டத்தைக் கவர்ந்த கதை வேறு நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள லிதர்லண்ட் என்ற சிற்றூரின் நகர மண்டபத்தில் 1960 டிசம்பர் 27 அன்று ஐந்து இளைஞர்கள் 6 பவுண்டு சம்பளத்துக்கு வாசித்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து நேராக வந்தவர்கள் என்று விளம்பரம் செய்திருந்ததால், அவர்களை ஜெர்மானியர்கள் என்றே நினைத்தவர்கள் உண்டு. முதல் பாட்டுக்கே ஆடிக்கொண்டிருந்த கூட்டம் மேடையை நோக்கி ஓடியது. அவர்கள்தான் பீட்டில்ஸ். பெரிய அரங்கம் எதுவும் அவர்களுக்கு அன்று கதவு திறக்கவில்லை. ஊர் மண்டபம் திறந்தது.

கீழ்ப்பாக்கத்துக்குப் பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' அறிவின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது மதுரைக்கும் கோவைக்கும் போனது.

அப்படியொரு மேடை நம் கடலோரத்துக்கும் வேண்டும். இங்கே கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. கல்லூரிகளில் கிட்டார் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் தப்பு செட்டும் இருக்கிறது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டு, தப்புக்காரர்களுக்கும் சேர்த்து மைக் வைத்து, அவர்கள் தோல் காய்ச்சக் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் இடமும் வைக்கோலும் கொடுத்தால் அந்தக் கச்சேரியைத் தொடங்கிவிடலாம்.