வானத்தின் ஆறாம் வேற்றுமை



ஒரு வரிகூட எழுதிவைக்கப்படாத ஒரு மொழியின் இலக்கணத்தைப் பேச வந்திருக்கிறேன். ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாவற்றுக்கும் மூலமான ஆதி ஸ்லாவியம் அது. 863இல் மதபோதகர்களான சிரிலும் மெத்தோடியஸும் மொராவியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் வேதநூலைப் பெயர்த்த பழைய திருச்சபை ஸ்லாவியம்தான், அந்த மூலத்துக்கு மிக அருகே நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று.

ஆதி ஸ்லாவியத்தில் வானத்துக்குப் பெயர் 'நெபொ'. ரஷ்யனிலும் அதே சொல்தான். இதற்கு என்ன ஆராய்ச்சி என்கிறீர்களா? வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். 'வானத்தினுடைய' என்றால் 'நெபெஸெ'. 'வானத்துக்கு' என்றால் 'நெபெஸி'. பன்மை 'நெபெஸா'. எழுவாயில் இல்லாத ஸகரம் எங்கிருந்து குதித்தது? மரத்தை என்னும்போது நாம் நுழைக்கிறோமே 'அத்து', அதுபோன்ற சாரியை அல்ல ஐயா! அது பகுதியிலேயே இருந்த எழுத்து.

உறவுமொழியான சமஸ்கிருதத்தில் இதே சொல் 'நபஸ்', ஆறாம் வேற்றுமை 'நபஸஸ்'. நம் அகராதிகளில் வானத்தைக் குறிக்கும் 'நபம்' அங்கிருந்து வந்ததே. கிரேக்கத்தில் 'நெஃபோஸ்', பொருள் மேகம். சமஸ்கிருதச் சொல்லிலும் கிரேக்கச் சொல்லிலும் ஸகரம் இருக்கிறது. ஆதி ஸ்லாவியமோ சொல்லின் கடைசி மெய்களையெல்லாம் உதிர்த்துவிட்டது. எழுவாயில் ஸகரம் கடைசியில் நின்றது, போயிற்று. மற்ற வேற்றுமைகளில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்றது, பிழைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. விதிப்படி பார்த்தால் இறுதி 'ஒஸ்' குறுகிய உகரமாகத் தேய்ந்திருக்க வேண்டும். 'நெபொ'வில் ஒகரம் எப்படி நிலைத்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு. இதனால்தான், மீட்டெடுத்த வடிவத்தின் முன்னே ஒரு நட்சத்திரக் குறி இடுகிறார்கள். அந்த வழக்கத்தை நிலைநாட்டியவர் ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மானியர். கண்டது வேறு, கணித்தது வேறு என்று பிரித்துக்காட்டும் அந்த நேர்மையை நான் மிக மதிக்கிறேன்.

ஏழு வேற்றுமை, ஒருமை, இருமை, பன்மை என்றிருந்த வாய்பாடு பின்னால் சுருங்கியது. ரஷ்யன் ஒருமையில் ஸகரத்தைக் கைவிட்டு, பன்மையில் மட்டும் 'நெபெஸா' என்று வைத்துக்கொண்டது. ஸ்லோவேனியன் 'வானம்' என்ற சொல்லில் அப்படியே செய்தாலும், 'உடல்' என்ற சொல்லில் ஒருமையிலேயே காப்பாற்றுகிறது: 'தெலோ', ஆறாம் வேற்றுமை 'தெலேஸா'.

ஒப்பிலக்கணம் படிக்க முன்வரும் இளைஞர்களே, அகராதியின் தலைச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். முதலில் ஆறாம் வேற்றுமையைக் கேளுங்கள்.