பரிசு வரும்வரை காத்திருக்கலாமா?

(மயிலாப்பூரில் நடந்த ஆசிரியர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளி நூலகத்துக்குப் புது நாவல் ஒன்றைச் சொன்னால், "இதுக்கு சாகித்திய அகாதெமி கிடைக்குமா டீச்சர்?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. கிடைத்தால் வாங்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் நான் தவறிய கதையைச் சொல்கிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2018இல் க்ரியா வெளியீடாக வந்தது. இமையம் நம்மைப் போல அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். கதையிலும் தந்தை நடேசன் தலைமையாசிரியர். பொறியியல் படித்த மகள் ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். வீட்டாருக்கு மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளில் அவள் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். எவ்வளவு செலவானாலும் காப்பாற்றக் குடும்பம் தயார். அந்தப் பணம்தான் செல்லாத பணம். புலம்பல்கள் சில இடங்களில் நீள்கின்றன என்பது குறைதான். ஆனால் வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அந்த நூல் ஈராண்டு என் அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. அப்போது சக ஆசிரியை ஒருவர், மகள் தன் விருப்பப்படி மணந்துகொண்டதைச் சொல்லி அழுதார். "கொஞ்ச நாள் பேசாம இருங்க, தானா வழிக்கு வருவா" என்றேன். 2021 மார்ச்சில் இந்நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் அகாதெமி விருது அறிவித்த பிறகே புத்தகத்தைத் திறந்தேன். பாதியில் மூடிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "நான் சொன்னது தப்பு. இன்னைக்கே பேசுங்க" என்றேன். பேசினார். மகள் நலமாக இருக்கிறாள். இடையில் போன நாட்களுக்கு நானும் பொறுப்பு.

விருது எப்போதும் நாம் எதிர்பார்க்கும் நூலுக்கு வருவதில்லை. தி.நகரில் பல்லாண்டு வாழ்ந்த அசோகமித்திரனுக்கு 'தண்ணீர்' நாவலுக்காக அது கிடைக்கவில்லை. 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' சிறுகதைத் தொகுப்புக்கே கிடைத்தது. தி. ஜானகிராமன் பெற்றதும் 'மோகமுள்'ளுக்கு அல்ல, 'சக்தி வைத்தியம்' தொகுப்புக்கு. சுந்தர ராமசாமிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளை 1994இல் வெளியிட்ட க்ரியா ராமகிருஷ்ணன், படித்துப் பார்த்துத்தான் அந்தப் புதியவரை நம்பினார். அகாதெமி அறிவிப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். புது நாவலில் ஒரு பிரதி வாங்குவோம். மாதம் ஒருவர் படித்து, நிறையும் குறையும் இங்கே பத்து நிமிடம் சொல்லட்டும். நூலகத்துக்கு எது வேண்டும் என்பதை அதன் பிறகு நாமே முடிவு செய்வோம்.