வெயிலும் பலமும்



கச்சான் வீசும் ஆடி மாதத்திலும் நிலாவெளியிலிருந்தும் சீனக்குடாவிலிருந்தும் சைக்கிள் உழக்கி வந்து படித்தவர்கள் நாங்கள். வெயிலில் காய்ந்தால்தான் உடம்பு உரமேறும் என்று நம்பினோம். தண்ணீர் குடிப்பதைக்கூட பலவீனம் என்றே எண்ணினோம். ஒருநாள் உப்புவெளியில் எங்களில் ஒருத்தி பிதற்றிக்கொண்டே விழுந்தாள். பக்கத்து வீட்டு அம்மா கிணற்று நீரை அள்ளி அள்ளி ஊற்றியதால் பிழைத்தாள்.

வைத்தியம் படித்த பிறகே எங்களுக்கு விளங்கியது. வெயில் தசையை வளர்ப்பதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய்வதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. கால்கள் முந்திக் களைக்கின்றன. வெயில் தருவது பழக்கம் மட்டுமே. 10 முதல் 14 நாட்கள் படிப்படியாகப் பழகினால் வியர்வை விரைவாகச் சுரக்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அதுவும் போய்விடும்.

ஆகவே, பலத்துக்கு விடியற்காலையில் உழக்குங்கள். தாகத்தை அடக்காதீர்கள். கூட வருபவள் தடுமாறிப் பேசினால் அதைக் களைப்பென்று விடாதீர்கள். உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கலாம். 1990ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

அன்று விழுந்தவள் இன்று இந்த மண்டபத்தில் எங்களோடு இருக்கிறாள். அந்த அம்மாவை நன்றியோடு நினைக்கிறோம்.