குலவழியும் சொல்வழியும்

(சிங்காநல்லூரில் நம் சங்கத்து ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பெண் கேட்கச் செல்லுமிடத்து நம் கொங்கு நாட்டார் முதற்கண் வினவுவது, "நீங்கள் என்ன கூட்டம்?" என்பதே. கூட்டம் ஒன்றாயின் பங்காளி. கொள்வினை கொடுப்பினை இல்லை. வேறாயின் மாமன் மச்சான் முறை. எழுத்தறியாத பாட்டியரும் இக்கணக்கிற் பிழை செய்யார். எனினும், இக்கணக்கு எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்று ஆராய்தல் வேண்டும். அதற்கு யாம் பயின்ற மொழிநூல் சிறிது துணை செய்யும்.

மொழிகளுக்கும் பங்காளிகள் உண்டு. தென்னாட்டு மொழிகள் ஓரினத்தன என்பதனை 1816-இல் எல்லிஸ் துரையும், 1856-இல் கால்டுவெல் ஐயரும் நூல்வாயிலாக எடுத்துக்காட்டினர். சில சொற்கள் செவிக்கு ஒத்தன என்பதுமட்டும் சான்றாகாது. கோவையிற் கன்னடம் பேசும் அண்டைவீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். நம் பாலை அவர்கள் ஹாலு என்பர். பல்லை ஹல்லு என்பர். பத்து ஹத்து ஆகும். புலி ஹுலி ஆகும். நம் சொன்முதலிற் பகரம் நிற்குமிடத்து அவர்க்கு ஹகரம் ஒழுங்காக நிற்கின்றது. பழங்கன்னடத்தில் அவ்விடத்தும் பகரமே. இவ்வொழுங்கே உறவுக்குச் சான்று. சாவியும் ஜன்னலும் போர்த்துகீசியர் வழி வந்த சொற்கள். அவற்றைக்கொண்டு தமிழும் போர்த்துகீசியமும் பங்காளிகள் என்பார் உளரோ?

முறைப்பெயரும் இங்ஙனம் மயக்குவதுண்டு. தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தையாகவும், தாயின் உடன்பிறந்தானை மாமனாகவும் கொள்ளும் வழக்கம் தமிழரிடத்தும், வட அமெரிக்கச் செனெக்கா மக்களிடத்தும் ஒத்திருத்தலை மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1871-இல் வெளியிட்டார். அவ்வொப்புமையை அம்மக்களின் ஆசியத் தோற்றத்துக்கே சான்றாக்கினார். உறவில்லாத மக்களிடத்தும் இம்முறை தனித்தனியே தோன்றும் என்பது இன்று தெளிவு.

இனி நம் கூட்டங்களுக்கு வருவோம். கொங்கிற் கூட்டப் பெயர்கள் பல, ஒரு சாதியார்க்கே உரியன அல்ல. ஒரே பெயர் வெவ்வேறு சாதியாரிடத்தும் வழங்குகின்றது. ஆதலின் பெயரொப்புமை ஒன்றே போதாது. மேலும், கூட்டம் தந்தைவழியை மட்டுமே எண்ணுகின்றது. பத்துத் தலைமுறை பின்சென்றால் அத்தலைமுறையில் மட்டும் நம் முன்னோர்க்கு 1024 இடங்கள். முறைமணத்தால் ஒருவரே பல இடங்களில் வருதலும் கூடும். ஆயினும் நம் கூட்டவழி சென்று சேர்வது ஓர் இடத்தையே. ஏனைய 1023 வழிகளும் ஒரு தாயையேனும் கடந்தே நம்மை வந்தடைந்தன. அத்தாயர் பிறந்த கூட்டம் எந்த ஏட்டில் இருக்கிறது?

நம் சங்கத்துக் குடும்பப் பதிவேட்டில் தந்தை பெயர், கூட்டம், குலதெய்வம், காணியூர் என நான்கு கட்டங்கள் உள. தாய் பிறந்த கூட்டமும் ஊரும், தாயைப் பெற்றாள் பிறந்த கூட்டமும் ஊரும் எழுதப் புதுக் கட்டங்கள் சேர்க்குமாறு செயலாளரை வேண்டுகின்றோம். அவற்றை ஆடவர் தாமே ஊகித்து நிரப்பலாகாது. வீட்டில் எண்பது வயதுப் பாட்டியார் இருப்பின், அருகிலமர்ந்து கேட்டு எழுதுக. தம் பிறந்தகத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லவல்லார் அவரே. படிவங்கள் தைப்பொங்கலுக்கு முன் வந்து சேர்தல் நன்று.